பெரியப்பாவின் கட்டைவிரல்

தண்ணீர் குடிப்பதற்கு முன் பெரியப்பா டம்ளரின் விளிம்பை வலது கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றுவார். விரல் ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேரும்வரை எடுக்கமாட்டார். பிறகு "சரி" என்பார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியாது. அதன் பின்தான் குடிப்பார். விருந்தாளியாகப் போன வீடுகளிலும் இப்படித்தான். ஒருமுறை ஓர் அமைச்சர் பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்திவிட்டு, அந்த விரல் சுற்றி முடிக்கும்வரை காத்திருந்தார்.

பெரியப்பாவுடையது கண்ணாடி பாட்டில் தொழிற்சாலை. பதினாறு வயதில் வேறொருவர் உலையில் கூலிக்குச் சேர்ந்தவர், நாற்பதில் சொந்த உலை வைத்தார். மருந்து பாட்டில்கள்தான் அதிகம். வந்த பணத்தில் ஒரு மருத்துவமனையும் இரண்டு பள்ளிக்கூடங்களும் கட்டினார். தொழிலாளர் கூட்டங்களில் பேசியதற்காக இரண்டு முறை சிறைக்குப் போனார்.

விளிம்பில் கடுகளவு சில்லு பெயர்ந்திருந்தாலும் அவர் விரலுக்குத் தெரிந்துவிடும் என்று தொழிற்சாலையில் எல்லோரும் நம்பினார்கள். பாட்டில் பரிசோதிக்கும் அறையில் வேலை பார்த்த நானும் நம்பினேன். ஒருநாள் அவர் "சரி" சொல்லி வைத்த டம்ளரை எடுத்துக் குடித்த பெரியம்மாவின் உதடு கிழிந்தது. தன் அவசரத்தால் வந்த வினை என்று பெரியம்மா சொன்னாள். நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

தொழிற்சாலை வாசலில் ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. எதிர்ப்புக் குழுவுக்குப் பெரியப்பா தலைவர். சட்டத்தைத் திரும்பப் பெறும்வரை எல்லாப் பட்டறைகளும் மூடப்படும் என்ற அறிவிப்பில் முதல் கையெழுத்து அவருடையது.

"முதலாளியே வேலைநிறுத்தம் பண்ணினா நாங்க யாருகிட்டய்யா கோரிக்கை வைக்கிறது?" என்றார் உலை மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி பாதிதான் சிரித்தார். எங்கள் உலை ஒன்பது வருடமாக அணையாமல் எரிந்தது. கண்ணாடி உலையை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட முடியாது. ஆறிவிட்டால் நாள் கணக்கில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் உலைக் கூரையின் செங்கல் வளைவு பிளந்துவிடும். அதோடு முந்நூறு பேரின் வேலையும் போகும்.

"உங்க குழுவே ஐஸ் கம்பெனிக்கு விலக்குக் குடுத்திருக்கு. உங்க உலைக்கு மட்டும் எதுக்குங்க இந்த வீராப்பு?" என்று பெரியம்மா கேட்டாள்.

"நானே விலக்கு வாங்கினா மத்தவன் எவன் மூடுவான்?"

"அப்ப அந்த முந்நூறு பேரு?"

"அஞ்சு நாள்ல முடிஞ்சிடும்."

உலையை அணைத்தார்கள். அவர் சொன்னபடியே ஐந்து நாளில் போராட்டம் முடிந்தது. ஆறாம் நாள் காலை சட்டம் திரும்பப் பெறப்பட்டது. பெரியப்பாவைத் தோளில் தூக்கி வாசல்வரை கொண்டுவந்தார்கள். இறங்கியதும் நேராக உலைக்கு வந்தார்.

"சூடு காட்டுற முள்ளு ரொம்பக் கீழ நிக்குதய்யா. பத்து நாள் எடுத்துப் பைய ஏத்துவோம்" என்றார் மேஸ்திரி.

"பத்து நாள் ஆச்சுன்னா மருந்துக் கம்பெனி வேற பக்கம் போயிடும். அது போனா நம்ம ஆளுங்க எங்க போறது? அந்த முள்ளு எப்பவும் பொய்தான் சொல்லும்."

பெரியப்பா பின்சுவருக்குப் போய் ஒரு செங்கல்லின் மேல் கட்டைவிரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இருமல் வந்தவர்கூட அடக்கிக்கொண்டார்.

"உள்ள சூடு இருக்கு. ரெண்டு நாள்ல ஏத்திடலாம்."

மேஸ்திரி அதே செங்கல்லில் தன் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "என் கைக்கு ஒண்ணும் தெரியலையே."

"உன் கை பீடி பிடிச்ச கை, மேஸ்திரி. ஐயா கை கண்ணாடி பிடிச்ச கை" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். மேஸ்திரியும் சேர்ந்து சிரித்தார். போய் எண்ணெய்க் குழாயைத் திறந்தார்.

அன்று காலை, யாரும் வருவதற்கு முன், அந்தச் சுவரை நானும் தொட்டுப் பார்த்திருந்தேன். விடுமுறை நாளின் வகுப்பறைச் சுவர் போலச் சில்லென்று இருந்தது. நான் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் வளைவு பிளந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. மேசை இழுப்பறையை மூடினால் வருமே, அந்த அளவுதான். பிறகு உலையின் கூரை மெல்ல உள்ளே இறங்கியது. ஒருவருக்கும் அடிபடவில்லை. ஆட்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றார்கள். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

"ஐயா கை தப்பாது. செங்கல்லுதான் பழசு" என்றார் மேஸ்திரி. அன்றைக்கு மட்டுமல்ல, கேட்டவர்களுக்கெல்லாம் இதையே சொன்னார். பெரியப்பா மறுக்கவில்லை.

மருந்துக் கம்பெனி வேறு பக்கம் போனது. உலையைத் திரும்பக் கட்டவில்லை. முந்நூறு பேரும் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். மேஸ்திரி ஒரு பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். பெரியப்பா பெரிய வீட்டை இன்னொரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டு, பெரியம்மாவோடு மருத்துவமனை மாடியில் இரண்டு அறைகளுக்கு வந்தார். கூட்டங்களுக்குப் போனார், பேசினார், கைதட்டல் வாங்கினார். அவர் முகத்தில் வருத்தம் தெரிகிறதா என்று நான்கு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. டம்ளரின் விளிம்பில் விரல் சுற்றி வந்தது. "சரி" என்றார். ஒரு பிற்பகலில் தூக்கத்திலேயே இறந்தார்.

மருத்துவமனையின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பிறந்த தேதியைச் சரிபார்க்க வேண்டும் என்றேன். டாக்டர் அலமாரியிலிருந்து பெரியப்பாவின் மருத்துவக் கோப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உலையை அணைப்பதற்கு இரண்டு வருடம் முன்பு எழுதிய தாள் ஒன்று அதில் இருந்தது. வலது கட்டைவிரலில் தொடு உணர்வும் இல்லை, சூடு குளிர் உணர்வும் இல்லை. காரணம், பத்தொன்பது வயதில் உலையில் பட்ட தீக்காயம். அதற்குக் கீழே டாக்டரின் கையெழுத்தில் ஒரு வரி: வீட்டிலும் தொழிற்சாலையிலும் சொல்ல வேண்டாம் என்கிறார்.