தேவசகாயத்தின் பன்னிரண்டாவது படம்

செங்கல்பட்டில் என் சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் போட்டோக் கடை வைத்திருந்த தேவசகாயத்துக்குக் கல்யாணமும் சாவும்தான் சோறு போட்டன. பிணத்தை நாற்காலியில் சாய்த்து மாலை போட்டுப் படமெடுப்பார். மூடிய கண்களை அப்புறம் தூரிகையால் திறந்துவிடுவார். உயிரோடு இருக்கும்போது ஒரு படம் எடுத்து வைக்காமல், செத்தபிறகு ஆளனுப்புகிற ஊர்மேல் அவருக்குத் தீராத எரிச்சல். எனக்கும்தான்.

அவருடைய பெட்டிக் கேமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம் விழும். பதினொன்று வாடிக்கைக்காரர்களுக்கு, கடைசிப் படம் தெருவுக்கு. மதுராந்தகத்தில் நெல் மூட்டைமேல் தூங்குகிறவன், திருக்கழுக்குன்றத்தில் கழுகுக்காக வாய் பிளந்து நிற்கும் கூட்டம், இப்படி யாரையாவது பிடிப்பார். ஃபிலிம் கிடைக்காத காலத்தில் இதென்ன கிறுக்கு என்று கேட்டால், "சாவுறதுக்கு முன்னாடி நாலு மூஞ்சிய புடிச்சி வெக்கிறேன், உனுக்கு இன்னா?" என்று எரிந்து விழுவார். அந்தப் படங்களைக் கழுவி வைப்பதோடு சரி. காகிதம் விற்ற விலைக்கு அச்செடுக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் சைக்கிளில் மகாபலிபுரம் போவார். கூட்டம் சேரும் கடற்கரையில் முனியம்மா வேர்க்கடலை விற்றாள். அவளுடைய நாலாவது பெண் வேண்டா. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று வைத்த பெயர். ஆனால் முனியம்மாவுக்கு அவள்தான் உயிர். கேமராவைக் கண்டாலே சீறுவாள்.

"பெட்டிய எட்ட எடுத்துகினு போ அண்ணாத்த! படம் புடிச்சா புள்ளைக்கு ஆயுசு கொறஞ்சிடும்."

தேவசகாயம் கேட்கிற ஆளா? ஒருநாள் கூட்டத்துக்குள் மறைந்து நின்று, கடைசிப் படத்தை வேண்டாவுக்குச் செலவழித்தார். முனியம்மா பார்த்துவிட்டாள். கடலையை வாரி வீசி, அவரைத் திட்டித் தீர்த்தாள்.

அந்த மழைக்காலத்தில் கடற்கரைக் குப்பங்களில் வாந்திபேதி பரவியது. வேண்டா போய்விட்டாள். சேதி கேட்ட தேவசகாயம் பேயறைந்தவர்போல உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து முனியம்மா பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்கே வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று அவர் உள்ளே ஒளியப் பார்த்தார். அவள் திட்டவில்லை.

"அண்ணாத்த, எம் பொண்ணு மூஞ்சி மறந்துகினே வருது. கண்ண மூடுனா தலமயிரு வருது, பாவாட வருது. மூஞ்சி வரமாட்டேங்குது. உன் பெட்டில அது கீதா?"

"கீதும்மா. குந்து" என்றார் அவர்.

நெகட்டிவில் அந்தப் பிள்ளை சுண்டுவிரல் நகத்தளவுதான் இருந்தாள். அதைப் பெரிதாக்கப் போகிறேன் என்று என்னையும் இருட்டறைக்குள் கூப்பிட்டார். சிவப்பு விளக்கில், மருந்துத் தட்டில் கிடந்த வெள்ளைக் காகிதத்தில் முதலில் தலைமயிர் வந்தது. பிறகு பாவாடை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வளையல் போட்ட ஒரு கை வந்தது. கேமராவைக் கண்ட நொடியில் முனியம்மா பிள்ளையின் முகத்தைப் பொத்தியிருக்கிறாள்.

வெளியே இருந்தவளுக்குக் கேட்காமல் நான் சொன்னேன்:

"படம் கெட்டுப்போச்சின்னு சொல்லிடு அண்ணாத்த."

"செத்தவங்களுக்கெல்லாம் கண்ண தொறந்து உட்டு பொய் சொல்லிகினு கீறேன். இவகிட்டயுமா?" என்றவர் ஈரம் காய்வதற்குள் படத்தை வெளியே எடுத்துப் போனார்.

முனியம்மா வெகுநேரம் பார்த்தாள். தன் கையையும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இது எங் கையி." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "இந்தக் கைய மட்டும் எடுத்துட முடியாதா அண்ணாத்த?"

தேவசகாயம் முடியாது என்று தலையை ஆட்டினார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அடுத்த வாரம் கேமராவைக் கடையிலேயே விட்டுவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு அவள் குடிசைக்குப் போனார். விளக்குக்குப் பக்கத்தில் படம் சாய்த்து வைத்திருந்தது. அதிலிருந்த தன் கைமேலேயே, பிள்ளையின் நெற்றி இருக்கும் இடம் பார்த்து, முனியம்மா குங்குமப் பொட்டு வைத்திருந்தாள்.