புகையாத போத்தல்

அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத் தொழிற்சாலையின் பரிசோதனை அறைக்கு நான் பொறுப்பாளன். பொறுப்பு என்றால், எல்லாவற்றுக்கும் ஒரு செய்முறை எழுதிச் சுவரில் ஒட்டுவது. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் காகிதத்தில் ஈரம் ஏறாமலிருக்க, சிலிக்கன் சேர்ந்த ஒரு திரவத்தைப் பூசிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் நெடியோடு வெண்புகை எழும். புகைந்தால் சரக்கு நல்லது, புகையாவிட்டால் கலப்படம். இதுவும் என் செய்முறைதான்.

ஒருமுறை சீமையிலிருந்து புதுவகைப் போத்தல் ஒன்று வந்தது. அதைப் பூசிய காகிதம் சாரலுக்கே நனைந்து தொங்கியது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை நேரே அறைக்கு வந்தார், சுவரைப் படித்தார், தாமே ஒரு சொட்டை விட்டார். அது எண்ணெய் போல மிதந்தது. புகை இல்லை.

போத்தல்களைத் திறந்து மூடுவது அறை உதவியாளரின் வேலை. என்னைவிட மூத்தவர். துரை பக்கத்தில் இல்லாதபோது அவரை அண்ணே என்பேன்.

"நீ மருந்து வித்துப் போட்டு எண்ணெய் ஊத்துச்சா?" என்று துரை தமது தோட்டத் தமிழில் கேட்டார்.

"இல்லீங்க தொரை. வந்தது வந்தபடிதாங்க இருக்கு."

நாலு மணிக்கு அவருக்குப் பத்துச்சீட்டு கொடுக்கும்படி துரை உத்தரவிட்டார். அந்தச் சீட்டு கைக்கு வந்தால் வேலையோடு, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். அதில் அவரோடு ஆறு பேர் இருந்தார்கள்.

நான் அப்போதுதான் லேபிளை ஒழுங்காகப் படித்தேன். பழைய திரவத்தில் சிலிக்கன் அணுவைச் சுற்றிக் குளோரினும் சிறிய அணுக்கூட்டங்களும். இதிலோ மூன்று பக்கமும் கிளைவிட்ட பருத்த கூட்டங்கள், நான்காவது பக்கத்தில் ஒரு குளோரின். தண்ணீர் உள்ளே போய்க் குளோரினைக் கழற்றினால்தான் புகை வரும். சிவனொளிபாதமலை சீசனில், யாத்திரிகர் நெரியும் நல்லதண்ணி பஸ்ஸுக்குள் கண்டக்டர் நுழைகிற கதைதான், போக வழியில்லை. காகிதத்தில் அது பிடிக்காததும் அதனால்தான். சரக்கு அசல். என் செய்முறைதான் தப்பு.

இதைத் துரையிடம் சொல்லத் துணிவு வர எனக்குச் சில நிமிடங்கள் பிடித்தன. துரை கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, நிரூபிக்கச் சொன்னார். மணி இரண்டே முக்கால்.

தண்ணீர் கழற்றாததைக் காய்ச்சிய காரம் கழற்றும். ஸ்பிரிட்டில் கோஸ்டிக் பொட்டாஷைக் கரைத்து, அதில் சரக்கின் சொட்டுகளை விட்டுக் காய்ச்சினேன். பிறகு காரத்தை முறிக்க நைத்திரிக் அமிலம், கடைசியில் வெள்ளி நைத்திரேற்று. குளோரின் கழன்றிருந்தால் வெள்ளையாகத் திரளும். திரண்டது. துரை விவரம் தெரிந்தவர். சரக்கைச் சேர்க்காமல் அதையே செய்துகாட்டச் சொன்னார். செய்தேன். அதுவும் வெள்ளையாகத் திரண்டது.

துரை என்னைப் பார்த்தார். வாசலில் நிறுத்தப்பட்டிருந்த உதவியாளர்தான் பேசினார்.

"ஐயா, அந்தக் குழாயெல்லாம் உப்பு அமிலத்துல ஊறினதுங்க. நான் இன்னும் அலசல. மேத் தட்டுல இருக்கறத எடுங்க."

உப்பு அமிலத்திலேயே குளோரின் இருக்கிறது. கழுவாத குழாயில் நான் எதை வேண்டுமானாலும் நிரூபித்திருக்கலாம். மேல் தட்டுக் குழாய்களை எடுத்து மறுபடி காய்ச்சினேன். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, சரக்குச் சேர்க்காத குழாய் கண்ணாடி போலத் தெளிந்து நின்றது. மற்றதில் தயிர் போலத் திரண்டு அடியில் இறங்கியது.

துரை கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, பத்துச்சீட்டு வேண்டாமென்றும் போத்தலைத் திருப்பி அனுப்பும்படியும் சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்பதற்கு அவரிடம் செய்முறை இல்லை. என்னிடமும் இல்லை.

உதவியாளர் உள்ளே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் நின்றபடி குழாய்களை அலசத் தொடங்கினேன்.