எட்டுப் பேரிடம் தோற்ற அணி

பி டிவிஷன் கால்பந்து ஆட்டங்களை யாரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைப்பதில்லை. வேலை நாளில், உச்சி வெயிலில், கேலரியில் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்த நாற்பது ஐம்பது பேருக்காக வைப்பார்கள். அந்தக் கூட்டத்தில் பெண் என்று பார்த்தால் பெரும்பாலும் நான் ஒருத்திதான். பெங்களூர் அல்சூரில், அண்ணன்கள் இருவரும் எங்கள் பேட்டை கிளப் அணிக்கு ஆடிய வீட்டில் பிறந்தவள். கட்டிக்கொண்டதும் இதே அணியின் லெஃப்ட் பேக்கைத்தான். இப்போது அவர் அணியின் மேனேஜர். பெரிதாக நினைத்துவிட வேண்டாம், தண்ணீர் கேனையும் ஜெர்சி மூட்டையையும் சுமப்பவருக்கு எங்கள் கிளப்பில் அதுதான் பெயர்.

இந்த சீசனின் முதல் ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கினோம். இரண்டாவதில் பந்தைத் தடுக்க வேண்டிய எங்கள் ஸ்டாப்பரே அதை எங்கள் வலைக்குள் முட்டித் தள்ளினான். அன்று எங்கள் ஆட்கள் அடித்த ஒரே உருப்படியான ஹெடர் அதுதான். மூன்றாவது ஆட்டம் டிரா. எதிரணி பெனால்டியை வானத்துக்கு அடித்ததால் வாய்த்த டிரா. அதற்கு எங்கள் கோச் கேலரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கோச் இந்த வருஷம் புதிதாக வந்தவர். வெளிநாட்டு ஆட்டங்களை மொபைலில் பார்த்துப் பார்த்து, அங்கே பேசுகிற பேச்சை மட்டும் கற்றுக்கொண்டவர். எதைக் கேட்டாலும் "ப்ராசஸ்" என்பார். பந்தை நேராகப் பாஸ் செய்யத் தெரியாத பதினோரு பேரை வைத்துக்கொண்டு என்ன ப்ராசஸ் என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை.

என் வீட்டுக்காரரிடம் இதைக் கேட்டேன். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"சீசன் இப்பத்தான ஆரம்பிச்சிருக்கு. ஸ்வல்ப டைம் குடு. பசங்க செட் ஆவணும்."

"தோக்கறதுல நல்லா செட் ஆயிட்டாங்களே."

அவர் ரசம் கேட்டார்.

ஜெர்சிகளை எங்கள் வீட்டு மெஷினில்தான் துவைப்போம். யார் எப்படி ஆடினார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை. கோல்கீப்பரின் சட்டை உப்புப் பூத்து விறைத்திருக்கும். பேக்குகளின் சாக்ஸை உதறினால் செயற்கைப் புல் டர்ஃபின் கறுப்பு ரப்பர் துகள் கைப்பிடி அளவு கொட்டும். எங்கள் ஃபார்வர்டின் சட்டையில் பாடி ஸ்பிரே வாசனை மட்டும் வரும். ஈஜிபுராவில் ஜிம்மில் வேலை செய்கிறவன், ஆறடி உயரம். அந்த உயரத்தை வைத்து மைதானத்தில் அவன் செய்யும் ஒரே காரியம், நிழல் கொடுப்பது.

நான்காவது ஆட்டத்தன்று எதிரணியின் வேன் மாரத்தஹள்ளியில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. பைக்கில் வந்த எட்டுப் பேர் மட்டும் உடை மாற்றிக்கொண்டு நின்றார்கள். ஏழு பேர் இருந்தாலே ஆட்டத்தைத் தொடங்கலாம் என்பது விதி. ரெஃப்ரி விசில் ஊதினார். வீட்டுக்காரர் டச்லைனிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

பதினோரு பேர், எட்டுப் பேருக்கு எதிராக. பந்து எங்கள் காலிலேயே இருந்தது. இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே, கல்யாண வீட்டில் தாம்பாளத்தைக் கைமாற்றுகிற மாதிரி மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கோல் பக்கம் கொண்டுபோக ஒருவனுக்கும் மனசு வரவில்லை. ஃபார்வர்டுக்கு இரண்டு தடவை பந்து தனியாகக் கிடைத்தது. முதலாவது சுவரைத் தாண்டி ரோட்டில் விழுந்தது. இரண்டாவதை அவன் உதைப்பதற்குள் எதிரணி பேக் வந்து நிதானமாக எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"ஓடோ! ஓடோ!" என்று கேலரியே கத்தியது. அவன் தலைமுடியைச் சரிசெய்தான்.

இடைவேளைக்குப் பிறகு அவர்கள் சும்மா ஒரு நீளப் பந்தைத் தூக்கி அடித்தார்கள். எங்கள் பேக் இருவரும் நீ எடு, நீ எடு என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றார்கள். முழங்காலில் கட்டுப் போட்டிருந்த குள்ளமான ஒரு ஆள் நடுவில் புகுந்து, ஓடக்கூடச் செய்யாமல், பந்தை வலைக்குள் தட்டிவிட்டுப் போனார்.

"ஷேப்! ஷேப்!" என்று, அவரவர் இடத்தில் நிற்கச் சொல்லி, கோச் கத்தினார்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று கத்தினேன்: "கோச் சார், அவங்க எட்டே பேரு சார்! மொதல்ல எண்ணிப் பாருங்க!"

கேலரி சிரித்தது. வீட்டுக்காரர் திரும்பவில்லை.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது எதிரணியின் மிச்ச ஆட்கள் பைகளோடு ஓடி வந்தார்கள். அவர்களுடைய கேப்டன் களத்திலிருந்தே கையை ஆட்டி, "கூத்கொள்ரோ, பேடா!" என்றான். உட்காருங்கள், வேண்டாம் என்று. அவர்களும் பைகளை வைத்துவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். நான்கு கோல் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்ததில்லை.

வெளியே வரும்போது ஃபார்வர்டு எதிரே வந்தான். "டர்ஃப் ரொம்ப சூடு ஆன்ட்டி, காலே வெக்க முடியல."

"அவங்க எட்டு பேரு மட்டும் ஐஸ் மேலயா ஆடினாங்க?"

மறுநாள் காலை கிளப்பின் வாட்ஸாப் குரூப்பில், சொந்தக் காரணங்களால் விலகுவதாகக் கோச் செய்தி போட்டிருந்தார். நன்றி என்று எல்லோரும் கைகூப்பும் படம் அனுப்பியிருந்தார்கள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"கமிட்டி என்னையே பாத்துக்கச் சொல்லிடுச்சி."

"எத?"

"டீம. புது கோச் வர்ற வரைக்கும்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். ஆடிய காலத்தில் வலது காலால் பந்தைத் தொடவே தெரியாத மனிதர். ஆனால் ஓடுவார். மூச்சு வாங்க வாங்கக் கடைசிவரை ஓடுவார்.

"யார உக்கார வெக்கலாம், சொல்லு."

"ஃபார்வர்ட."

"ஐயோ, அவன் இல்லன்னா ஹைட் இல்லம்மா."

"அப்ப எதுக்கு என்ன கேக்கறீங்க?"

அவர் அவனை உட்கார வைக்கவில்லை. அடுத்த ஆட்டத்திலும் அவன்தான் முன்னால் நின்றான். ஆஃப்சைடு கொடுத்த லைன்ஸ்மேனோடு அவன் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அதற்குள் எதிரணி ஃப்ரீ கிக் எடுத்தாகி, பந்து திரும்ப எங்கள் ஆளிடமே வந்துவிட்டது. அந்த ஆள் ஓங்கி அடித்த பந்து ஃபார்வர்டின் முதுகில் பட்டு, திசை மாறி, உள்ளே போனது. எங்கே பட்டது என்று அவன் தடவிப் பார்ப்பதற்குள் பத்துப் பேரும் அவன்மேல் விழுந்தார்கள். அந்த ஒரு கோலில் ஜெயித்தோம். சாம்பியன் ஆனவர்கள் போல மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். ஆட்டத்தின்போது அந்த ஓட்டத்தில் பாதி ஓடியிருக்கலாம்.

சிவாஜிநகரில் பிரியாணி. ஃபார்வர்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"பாத்தீங்களா ஆன்ட்டி?"

"பாத்தேன்பா. முதுகு நல்லா ஆடுது. மீதிய வீட்ல வுட்டுட்டு அத மட்டும் அனுப்பு."

மேஜையே சிரித்தது. அவனும் சிரித்தான், கோபமே இல்லாமல். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆட்டோவில் வீட்டுக்காரர் ஜெர்சி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். "நெஜமா சொல்லு, நல்லா ஆடினமா?"

"இல்ல."

ஏரி தாண்டும்போது மூட்டையின் முடிச்சை இறுக்கினார். பிறகு, "ஆனா ஜெயிச்சோம்ல" என்றார்.

 அதற்கு எதிராகச் சொல்ல ஒரு வார்த்தையை வீடு வந்து சேரும்வரை தேடிக்கொண்டே வந்தேன்.