பொண்ணுக்கு மீசை

காலை பதினொன்று பத்துக்கு அண்ணன் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து போன் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவருக்குச் சோதனைக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "மேலேருந்து படிங்க" என்றிருக்கிறார் அண்ணன். அவர் ஐந்து வரிகளையும் படித்து முடித்து, சரியா தப்பா என்று பதிலே வராமல் திரும்பிப் பார்த்தபோது, அண்ணன் நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தாராம். மாரடைப்பு. துக்கம் விசாரிக்க வந்தபோது, ஐந்து வரியும் தான் பிழையில்லாமல் படித்ததாக அந்தப் பெரியவர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். அண்ணன் கேட்டிருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பார்.

இருபத்தைந்து வருஷம் ஊரார் கண்ணைச் சோதித்தவர், தனக்குக் கண்ணாடி வேண்டாம் என்று கடைசிவரை சாதித்தார். செய்தித்தாளைக் கை எட்டும் மட்டும் நீட்டிப் பிடித்து, "இப்பல்லாம் எழுத்தையே சின்னதாத்தான் அடிக்கிறானுங்க" என்பார். அந்த வீம்புதான் மீன் விஷயத்தில் அவரைக் கவிழ்த்தது.

கூடத்து ஜன்னலோரம் அவருடைய மீன் தொட்டி இருந்தது. அதில் இரண்டு மீசைக் கெளுத்திகள். நாள் முழுக்கக் கண்ணாடியைச் சப்பிக்கொண்டு கிடக்கிற ஜாதி. அவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்தே தீருவேன் என்று சபதம் போட்டிருந்தார். அண்ணி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்ட அவருக்கு அந்த ஜன்னல் வெளிச்சம் வேண்டும். கடைசியில் அண்ணி கெடு வைத்தார்.

"ஒரு வருஷம். அதுக்குள்ள குஞ்சு பொரிச்சா தொட்டி இங்கயே இருக்கட்டும். இல்லன்னா ஜன்னல் என் மிஷினுக்கு."

மூக்கின் மேல் மீசை இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண் என்று மீன்கடைக்காரர் சொல்லியிருந்தார். அதன்படி அண்ணனே பொறுக்கி வாங்கிய ஜோடி. மீசை இருந்ததற்கு மாப்பிள்ளை என்றும் இல்லாததற்குப் பொண்ணு என்றும் பெயர். ஒளிந்துகொள்ளத் தொட்டிக்குள் போட்டிருந்த குழாய்த் துண்டுக்காக இரண்டும் ஒன்றையொன்று முட்டித் துரத்தும். அண்ணன் பூரித்துப்போவார். "ஊடல்!"

மழைக்காலம் வந்துவிட்டதாக நம்பினால் முட்டையிடுமாம். வாரத்துக்கு ஒரு முறை பூவாளியில் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டிமேல் தூறலாக விடுவார்.

"இடி வேணுமா? ரெண்டு பாத்திரத்தைப் போடட்டா?" என்பார் அண்ணி.

ஒன்பதாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். அண்ணன் குளித்துக்கொண்டிருந்தார். அண்ணி என்னைத் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, பொண்ணை நல்லாப் பாருங்க."

பார்த்தேன். பொண்ணின் மூக்கின் மேல் குத்துக் குத்தாக மீசை.

"அண்ணி! இது..."

"உஷ்! முளைச்சு மூணு மாசமாச்சு."

"அண்ணன்கிட்ட சொல்லலியா?"

"நான் ஏன் சொல்லணும்? ஊருக்கே கண்ணு பாக்கிறவரு, இதையும் பாக்கட்டும். இன்னும் மூணே மாசம். ஜன்னல் எனக்கு."

தலை துவட்டிக்கொண்டே அண்ணன் வந்தார். "பாருடா, உன்னைக் கண்டதும் பொண்ணுக்கு வெக்கம். ஏன்டா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்லண்ணா. லட்சணமா இருக்கா."

அண்ணி சமையலறைக்குள் ஓடிவிட்டார்.

வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் வாய்மூடி இருந்திருக்கலாம் அண்ணி. முடியவில்லை. கெடுவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அண்ணன் தொட்டி முன்னால் மண்டியிட்டு, "ஏதாச்சும் பண்ணுங்கப்பா, அடுத்த மாசம் உங்கள வெளிய அனுப்பிடுவா" என்று கெஞ்சிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். மறுநாள் மீன்கடைக்குப் போய், தையல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மீனையும் மேலிருந்து உற்றுப் பார்த்து, நான்கைத் தள்ளிவிட்டு, வயிறு உருண்டு மூக்கு மழமழவென்றிருந்த ஒன்றை எடுத்தார். வீட்டுக்கு வந்து தொட்டியில் விட்டார். தன் கண்ணாடியைக் கழற்றி அண்ணனிடம் நீட்டினார்.

"போட்டுக்கிட்டு உங்க பொண்ணைப் பாருங்க."

அண்ணன் போட்டார். பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அடிப்பாவி! எத்தனை நாளா தெரியும்?"

"அஞ்சு மாசமா."

"ரெண்டு ஆம்பளைக்கா நான் இத்தனை நாளா மழை பெய்ய வச்சேன்?"

சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

புது வரவு மாப்பிள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பொண்ணு குடியிருந்த குழாய்க்குள் போனது. கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கையில் அண்ணன் எனக்குப் போன் செய்து கத்தினார்: "டேய், பொண்ணு அப்பாவாகப் போறா!" குழாய்க்குள் கொத்தாக ஆரஞ்சு முட்டைகள். இந்த ஜாதியில் அடைகாப்பது அப்பன்தான். பொண்ணு இரை எடுக்காமல் துடுப்பால் விசிறிக்கொண்டே கிடந்தது.

அதற்கு மூன்றாம் நாள்தான் கடையிலிருந்து எனக்குப் போன் வந்தது.

முட்டையிட்ட ஐந்தாம் நாள், வீடு நிறையத் துக்கத்துக்கு வந்த ஆட்கள். அண்ணி கண்ணாலேயே என்னைக் கூப்பிட்டார். குழாய்க்குள் டார்ச் அடித்தேன். மஞ்சள் வயிறும் மயிரிழை வாலுமாகக் குஞ்சுகள் துடித்துக்கொண்டிருந்தன. கெடு முடிய இரண்டு நாள் பாக்கி.

"ஜெயிச்சிட்டாரு தம்பி" என்றார் அண்ணி.

பிறகு ஒரு நாள், தொட்டியை வேறு இடத்துக்கு நகர்த்தித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"சும்மா இருங்க. அஞ்சு மாசம் ஏமாத்தினது போதாதா? ஜன்னல் அவருக்குத்தான்."

மிஷின் உள்ளறையில், பகலிலும் விளக்குப் போட வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. குஞ்சுகள் வெளியே வந்தால் ஃபில்ட்டர் உறிஞ்சிவிடும் என்று, அதன் வாய்க்கு மெல்லிய துணியில் ஓர் உறை தைத்துத் தரும்படி அண்ணன் கேட்டிருந்தார். ஒரு பக்கம் தைத்தாயிற்று. மறுபக்கம் பாதிவரை ஓடி, துணி இன்னும் ஊசிக்கடியிலேயே இருக்கிறது.