வெறும் வயிற்றில் கேட்ட பாட்டு

மார்ச் பாதி கழிந்தும் எஸ்தோனியாவின் தெற்கு வயல்களில் பனி எழுந்திருக்க மனமில்லாமல் படுத்துக் கிடந்தது. கிழவி சால்மேயும் அவள் புருஷன் எய்னோவும் தலைமாட்டில் கறுப்பு ரொட்டித் துண்டு வைத்துக்கொண்டு தூங்கினார்கள். வசந்தத்தின் முதல் பறவையை வெறும் வயிற்றோடு கேட்டால் அது ஆளை ஏமாற்றிவிடும், அந்த வருஷம் விளங்காது என்பது ஊர் நம்பிக்கை. அதனால் கண் விழித்ததும் ஒரு வாய். ஒரே ஒரு வருஷம் சால்மே மறந்தாள். அந்தக் கோடையில் சினைப்பசு செத்தது. அதற்கப்புறம் அவள் மறந்ததில்லை.

எய்னோ சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். வண்டி போன ஓரங்களில் மண் தெரிந்ததும் முதல் பறவையாக வானம்பாடி வந்து இறங்கும். வருஷா வருஷம் முதலில் கேட்பது அவர்தான். வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டுவார். "வந்துட்டான். சாப்டீங்களா, ஏமாந்துட்டீங்களா?" கையில் மாவோடு பெண்கள் சிரித்துக்கொண்டே ஓடிவருவார்கள். சால்மேக்கு அந்தக் காலைகளை நினைத்தாலே முகம் மலர்ந்துவிடும்.

இப்போது அவருக்கு வண்டியும் இல்லை, மெல்லிய சத்தம் கேட்கும் காதும் இல்லை. அதை மட்டும் அவர் ஒத்துக்கொள்வதில்லை.

"என் காதுக்கென்ன? அவன் இன்னும் வரல, அவ்வளவுதான்."

"ஆமா, உனக்குச் சொல்லி அனுப்பிட்டுத்தான் வருவான்."

ஒரு நாள் காலை சால்மே எழுந்தபோது அவர் படுக்கையில் இல்லை. குல்லா மட்டும் ஆணியில் தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். வயலோரத்தில் எய்னோ குனிந்து பனியை வாரித் தள்ளி, ஒரு கோடு மண்ணை வெளியே தெரியவைத்திருந்தார். பறவை இறங்க இடம்.

அப்போது தலைக்கு மேலே பாட்டு கேட்டது.

சால்மே நின்றுவிட்டாள். ரொட்டி தலைமாட்டிலேயே கிடந்தது. செத்த பசுவின் கண் நினைவுக்கு வந்தது. எய்னோ நிமிரவே இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிமிர்ந்து பார்ப்பார். ஆனால் முதல் சேதி இவளுடையதாகிவிடும்.

போய் அவர் தலையில் குல்லாவை மாட்டினாள்.

"ஏதாவது கேட்டுச்சாடி?"

"ஒண்ணும் கேக்கல, கிழவா."

கொஞ்ச நேரத்தில் வானம்பாடி மண்கோட்டில் வந்து இறங்கியது. எய்னோ அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"பாத்தியா, வந்துட்டான். நான்தான் மொதல்ல. நீ சாப்டியா?"

"சாப்டேன், சாப்டேன்."

அவர் அவள் உதட்டைப் பார்த்தார், ரொட்டித் துணுக்கு ஒன்றும் இல்லை. பையிலிருந்து பாதி ரொட்டியை எடுத்து நீட்டினார். "எதுக்கும் இன்னொரு வாய் வாங்கிக்க."

அவள் மென்றுகொண்டிருக்கும்போதே அவர் பக்கத்து வீட்டை நோக்கி நடந்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டது, பின்னாலேயே அந்தப் பழைய கேள்வியும்.