காலால் பார்த்து வாங்கிய தரை

பின்பக்கம் இரண்டு அறை சேர்த்துக் கட்டினோம். அப்படியே வீடு முழுக்க டைல்ஸ் போட்டுவிடலாம் என்று முடிவானதும் நான் நினைத்தது வெள்ளை நிறத்தைத்தான். மொரப்பூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பழைய சிமெண்ட் தரை. எத்தனை முறை கழுவிவிட்டாலும் அழுக்காகவே தெரியும். வெள்ளை வெளேரென்று, குனிந்தால் முகம் தெரிகிற மாதிரி ஒரு தரையில் நடக்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. ஓசூரில் வேலை பார்க்கும் மகனும் போனில் படம் படமாக அனுப்பினான். எல்லாம் வெள்ளை, எல்லாம் பளபளப்பு. வேறு எதிலும் ஒத்துப்போகாத நானும் அவனும் இதில் மட்டும் ஒரே கட்சி.

என் வீட்டுக்காரர் எதிலும் தலையிடவில்லை. சர்க்கரையால் அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பக்கம் மட்டும் திரும்பாது. நான் அவர் வரும் வழியில் கிடக்கும் நாற்காலியை ஓசைப்படாமல் நகர்த்தி வைப்பேன். சித்தேரி மலைப்பாதையில் வருஷக்கணக்காகப் பஸ் ஓட்டிய மனிதர். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் அவமானத்தில் உயிரே போய்விடும். வீட்டுக்குள்ளாவது அவர் யாரையும் கூப்பிடாமல் தானாக நடக்க வேண்டும். எனக்கிருந்த பெரிய கவலை அதுதான். ஆனால் அதையும் டைல்ஸையும் சேர்த்து நான் யோசித்ததே இல்லை.

முதலில் தருமபுரி பைபாஸில் இருக்கும் பெரிய கடைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி, உட்கார்ந்ததும் ஜூஸ். இவர் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி வாசலில் விட, காவலாளி ஓடி வந்து போட்டுக்கொண்டே வரலாம் என்றார். உள்ளே டைல்ஸ் எல்லாம் சுவரில் நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு விளக்கு. விற்கிற பெண் டைல்ஸ் பதித்த பலகைகளைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். எனக்கு எதைப் பார்த்தாலும் பிடித்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் இவரைக் காணோம். கடையின் நடுவில், கண் கூசும் தரையில், அடுத்த அடி எடுத்து வைக்காமல் நின்றிருந்தார். வாங்க என்று கூப்பிட்டேன். வரவில்லை. கிட்டே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்று பிடித்ததற்குப் பிறகு நாலு பேர் முன்னால் அவர் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

"வெளிச்சம் ரொம்ப அடிக்குது. தரை எங்க இருக்குதுன்னே தெரியல," என்றார் மெதுவாக.

மகனிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டோம். வெளியே வந்த பிறகும் என் மனசு அந்த வெள்ளை டைல்ஸிலேயே கிடந்தது. இவர் மேல் எரிச்சலாகவும் வந்தது. நோயைத் திட்ட முடிவதில்லை, ஆளைத்தான் திட்டத் தோன்றுகிறது.

பிறகு அரூரில் ஒரு பாய் வைத்திருக்கும் சின்னக் கடைக்குப் போனோம். அங்கே எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏனென்றால் அந்தக் கடையின் தரையேதான் சாம்பிள். ஒரு சதுரத்தில் ஒரு டைல்ஸ், அடுத்த சதுரத்தில் வேறு ஒன்று என்று ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி விரிந்து கிடந்தது. பாய் என்னை ஒரு பூப்போட்ட டைல்ஸ் பக்கம் இழுத்தார். அது ரொம்ப நாளாக விலைபோகாத சரக்கு என்று பெட்டி மேல் இருந்த தூசியே சொன்னது. இருந்தாலும் மனுஷன் விடுவதாக இல்லை. வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வாய் வலித்துவிட்டது.

அதற்குள் இவர் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு சதுரத்திலும் நின்று பாதத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். சில இடங்களில் திரும்பி வந்து மறுபடியும் தேய்த்தார். கடைசியில் ஒரு சாம்பல் நிற டைல்ஸ் மேல் நின்றுவிட்டார். பஸ் ஸ்டாண்டில் போடுகிற மாதிரி சொரசொரவென்று, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. அது வாசலுக்கும் பாத்ரூமுக்கும் போடுவது, ஹாலுக்கு எடுபடாது என்றார் பாய்.

"எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லீங்க பாய்," என்றார் இவர். "இது காலுக்கு நல்லாத் தெரியுது. வூடு பூரா ஒரே மாதிரி வேண்டாங்க. ஹால் ஒரு தினுசு, தாண்டுனா வேற தினுசு. கால வெச்சதும் எங்க நிக்கறேன்னு எனக்குத் தெரியணும்."

இத்தனை நாள் என்னிடம் சொல்லாததை ஒரு கடைக்காரரிடம் சொல்லிவிட்டார். பாய் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டவில்லை. பாட்டில் தண்ணீரைத் தரையில் ஊற்றி, ஈரத்திலும் ஒரு தடவை நடந்து பார்க்கச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். பாவமாகவும் இருந்தது, என் வெள்ளைத் தரை போகிறதே என்று ஆத்திரமாகவும் இருந்தது. ஊர் நெருங்கும்போது அவர்தான் பேசினார்.

"உனக்குப் புடிச்சதையே போடு. நான் செவுத்தப் புடிச்சிக்கிட்டு நடந்துக்கறேன்."

கோபித்துக்கொண்டு சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் மனசாரச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலையில் அரூருக்குப் போன் போட்டது நான்தான். மகனிடமும் அப்பாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அதன் பிறகு அவன் படம் எதுவும் அனுப்பவில்லை.

ஹாலுக்கு அந்தச் சாம்பல், சமையலறைக்கு வரிவரியாக ஒன்று, பின் அறைகளுக்குக் கொஞ்சம் வழவழப்பு என்று போட்டு முடித்தோம். எனக்கு இன்றைக்கும் அந்த நிறம் பிடிக்கவில்லை. யார் வீட்டுக்காவது போய் வெள்ளை டைல்ஸைப் பார்த்தால் பெருமூச்சு விட்டுக்கொள்கிறேன்.

பால் காய்ச்சிய அன்று சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில், வந்தவர்களை வீட்டுக்காரர்தான் அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். மகனைப் போகச் சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் இவர் எழுந்து முன்னால் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். இது சமையல் ரூம், இது சாமி ரூம் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். சுவரைத் தொடவில்லை. என்ன இது ஒன்றோடு ஒன்று சேராத கலர் என்று அக்கா என் காதில் முணுமுணுத்தாள். நான் காதில் வாங்கவில்லை. பின் அறைக்கு இறங்குகிற இடத்தில் இவர் நின்றார். பாதத்தை ஒரு முறை தேய்த்துப் பார்த்துவிட்டு, பின்னால் பராக்குப் பார்த்துக்கொண்டு வந்த என் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"பாத்து வாங்க மச்சான், இங்க ஒரு படி எறங்குது."

அண்ணன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.