பெஞ்சு டிக்கெட் ஜஹாங்கீர்

"குதுரைக்கு ஒரு தபா தண்ணி காட்னானா, சொல்லு மாமு!" என்று கேட்டுக்கொண்டே கொட்டகையின் படியிறங்கி வருகிறார் ஜஹாங்கீர் பாய். ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சி இப்போதுதான் விட்டிருக்கிறது. பின்னால் பத்துப் பதினைந்து துறைமுகத் தொழிலாளிகள். "மூணு நாளு பாலவனத்துல ஓடிகினே கீது. அவன் மட்டும் குப்பில தண்ணி குடிச்சிகினு வர்றான். நம்ம ஜட்காக்காரன் பாத்தா செருப்பக் கயட்டுவான். கலீஜ் படம்!" அவ்வளவுதான். அந்த அமெரிக்கப் படத்தை வண்ணாரப்பேட்டையில் இனி யாராலும் காப்பாற்ற முடியாது.

நான் ராயபுரத்தில் ஒரு கப்பல் கம்பெனிக் குமாஸ்தா. ஆங்கிலம் தெரியும் என்ற மிதப்போடு நாற்காலி வகுப்பில் உட்காருவேன். வசனத்தைப் பிடிக்கிற அவசரத்தில் பாதிப் படத்தைக் கோட்டை விட்டுவிடுவேன். பாய்க்கு 'எஸ்', 'நோ' தாண்டி ஆங்கிலம் கிடையாது. பெஞ்சில் மூன்றாவது வரிசை, ஓரத்து இடம். விளக்கு அணைந்ததும் பின்னால் இருப்பவனுக்கு மறைக்குமே என்று தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொள்வார். இடைவேளையில் எல்லாரும் முறுக்குக்கு ஓடும்போது இவர் மட்டும் அசைய மாட்டார். எழுந்தால் இடம் போய்விடும். பீடி, கள், சீட்டாட்டம் எதுவும் இல்லாத மனிதர். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவருக்கு.

அவர் பார்ப்பதையெல்லாம் நான் ஏன் பார்ப்பதில்லை என்று எனக்கே எரிச்சலாக வரும். குத்துச்சண்டைப் படம் ஒன்று வந்தது. நான் கண் கலங்கிப் போய் வெளியே வந்தேன். பாய் சொன்னார்: "நாப்பது குத்து வாங்குனான் சார். தல சீவுனது கலையலியே! வியாசர்பாடிக்கு வந்து ஒரே ஒரு குத்து வாங்கச் சொல்லு." பாக்தாத் படம் ஒன்று, வர்ணத்தில் எடுத்தது. "பத்து பேரு தொழுவுறாங்கோ. ஒருத்தன் இந்தாண்ட பாக்குறான், ஒருத்தன் அந்தாண்ட பாக்குறான். எந்தத் திக்குன்னு ஒரு முசல்மானக் கேட்டா இன்னா கொறஞ்சா பூடுவாங்கோ?" புயலில் கப்பல் கவிழ்கிற படத்தில், கப்பல் தலைகீழாக ஆடும்போது மேஜைமேல் இருந்த கண்ணாடி டம்ளர் ஆடவில்லையாம். சத்தியமாக நான் டம்ளரையே பார்க்கவில்லை!

எல்லாவற்றையும் திட்டுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். யாருமே சீந்தாத ஒரு படத்தை நாலு தடவை பார்த்தார். "அதுல ஒரு சமையக்காரி உருளக்கெயங்கு தோல் சீவுறா பாரு. பேசிகினே சீவுறா, கத்தியப் பாக்கவே இல்ல. அவ நெசம்மா சீவுறவ, நைனா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இந்தக் கண் எங்கே பழகியது என்பதையும் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் அவருக்குக் கை காட்டுகிற வேலை. கப்பலின் வயிற்றுக்குள் ஆட்கள் சரக்கைக் கட்டுவார்கள். மேலே சரக்குத் தூக்கும் வின்ச்சு ஓட்டுகிறவனுக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள். நடுவே விளிம்பில் நிற்கிற ஜஹாங்கீரின் கையைப் பார்த்துத்தான் அவன் தூக்குவான், இறக்குவான், நிறுத்துவான். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கை ஒரு தடவையும் தப்பாகக் காட்டியதில்லை. போன தை மாதம் பொன்னுரங்கம் என்ற தொழிலாளி, இவருடைய தோஸ்து, செத்துப்போனபோதும் கை சரியாகத்தான் காட்டியது. கயிறுதான் அறுந்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டு மாதம் பாய் கொட்டகைப் பக்கமே வரவில்லை.

திரும்பி வந்த சில வாரங்களில் அந்தத் துறைமுகப் படம் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் ஏதோ ஒரு கப்பல்துறை. கதாநாயகன் மூட்டை தூக்குகிறவன். பெரிய பெட்டிகள் கட்டிய வலை உச்சியில் தொங்குகிறது. அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு அவன் ஒரு பெண்ணிடம் காதல் பேசுகிறான். சாவகாசமாக, அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு!

"அடேய், தள்ளு! மேல பாருடா!" என்று பெஞ்சின் மேல் ஏறிவிட்டார் பாய். "அந்தப் பொண்ண இஸ்துகினு போடா, பேமானி!" தரையிலும் பெஞ்சிலும் இருந்த துறைமுகத்து ஆட்கள் அத்தனை பேரும் எழுந்து, "தள்ளு, தள்ளு!" என்று கத்தினார்கள். திரையில் அவன் நிதானமாக முத்தம் கொடுத்தான். படத்தை நிறுத்தி விளக்கைப் போடும்படி ஆகிவிட்டது. நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள். வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன்.

அன்று படியில் நின்று பாய் சொன்னது ஒரே வார்த்தை: "பொய்." திங்கட்கிழமைக்குள் காசிமேடு வரை அது போய்விட்டது. வாரம் முழுக்கக் கொட்டகை காலி. மானேஜர் லோகநாதன் ஆள் விட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை அதே படியில நின்னு, படம் நல்ல படம், நான்தான் தப்பா சொல்லிட்டேன்னு பாய் சொல்லணும். இல்லேன்னா இனிமே உள்ளே கால் வைக்கக் கூடாது."

பாயின் மனைவி காத்தூன் பீவி பதறிப்போனாராம். "சொல்லிட்டு வாயேன். ஞாயித்துக்கெயம பூரா நீ வூட்லயே கீறது எனக்கில்ல பேஜாரு!" பாய் ஞாயிற்றுக்கிழமை குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு எப்போதும்போலக் கிளம்பிவிட்டார்.

கொட்டகை வாசலில் கூட்டம். லோகநாதன் படியிலேயே நின்றிருந்தார். "சொல்லுங்க பாய், எல்லாரும் காத்திருக்காங்க."

"நீ பாத்தியா அந்தப் படத்த?"

"எனக்கு ஆபீஸ் வேலை இருக்கு பாய். உக்காந்து பாக்க எங்க நேரம்?"

"எத்தினி வருசமா இங்க கீறே?"

"ஆறு."

"ஆறு வருசத்துல எத்தினி படம் பாத்தே?"

பாய் கவுண்டருக்குப் போய் ஒரு பெஞ்சு டிக்கெட் வாங்கினார். அதை மானேஜரின் கையில் வைத்தார்.

"போய் என் எடத்துல குந்து. அந்த சீன் வரும். அப்பவும் நல்ல படம்னு உனக்குத் தோணுச்சின்னா வந்து சொல்லு. நான் இதே படியில நின்னு கத்துறேன். அல்லா மேல ஆணை."

இத்தனை பேர் முன்னால் லோகநாதனுக்கு வேறு வழியில்லை, போனார். பின்னாலேயே கூட்டமும் உள்ளே நுழைந்தது. நானும் உள்ளே போய் அன்றைக்கு முதல் தடவையாகப் பெஞ்சில் உட்கார்ந்தேன், அவருக்குப் பின்வரிசையில். பாய் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார்.

அந்தக் காட்சி வந்தது. பெட்டி வலை உச்சியில் ஆடியது. இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. லோகநாதனுக்குப் பக்கத்தில் பொன்னுரங்கத்தின் தம்பி செல்வம் உட்கார்ந்திருந்தான். அவன் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, "அண்ணா, தள்ளிக்க" என்று முனகினான். லோகநாதன் திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

லோகநாதன் எழுந்து போய் வாசல் படுதாவை விலக்கினார். வெயில் உள்ளே விழுந்தது. "வாங்க பாய்" என்றார்.

பாய் இருட்டில் தடவிக்கொண்டு வந்து தம் இடத்தில் உட்கார்ந்தார். மானேஜர் திரும்பி ஆபீஸ் அறைக்குப் புறப்பட்டார். பாய் எட்டி அவர் வேட்டி நுனியைப் பிடித்து நிறுத்தி, செல்வத்தை ஒட்டி நகர்ந்து, காலியான பெஞ்சைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.